பவர் ஸ்டியரிங் டேங்கில் பிரேக் ஆயில் ஊற்றிவிட்டால் என்ன செய்வது?

நம் குமரி மாவட்டம் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் 2010 மாடல் டீசல் இன்னோவா. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து ஆளை அழைத்து வரப் போன வழியில், டிரைவர் பானட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். பவர் ஸ்டியரிங் டேங்கில் ஆயில் குறைவாக இருந்ததால், பக்கத்துக் கடையில் ‘ஆயில்’ வாங்கி ஊற்றிவிட்டார். அது பிரேக் ஆயில், சுமார் 200 மில்லி. 15 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார்கள். இப்போது ஸ்டியரிங்கை ஒடித்தால் உறுமல் சத்தம் வருகிறது, டேங்கைப் பார்த்தால் கலங்கலாக இருக்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ‘சிரிஞ்ச் வைத்து உறிஞ்சிவிட்டுப் புது ஆயில் ஊற்றினால் போதும்’ என்றார்களாம். இன்னொரு இடத்தில் ‘பம்பு, ராக் இரண்டையும் மாற்ற வேண்டும்’ என்றார்களாம். (ராக் என்பது ஸ்டியரிங் திரும்புவதை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளமான பாகம்.) எது சரி என்பது கேள்வி.

தம்பி, இரண்டுமே சரியில்லை. முதலாவது போதாது, இரண்டாவது இப்போதைக்குத் தேவையில்லை. நடுவில் ஒரு வழி இருக்கிறது. அரை நாள் வேலை, நாலைந்து லிட்டர் ஆயில். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று. இதைப் படிக்கும்போது வண்டி முற்றத்தில் நின்றால் நிற்கட்டும். ‘இப்போ சத்தம் குறைஞ்சிருக்கா’ என்று பார்ப்பதற்காகக்கூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

ஏன் என்றால், ஸ்டியரிங் ஆயில் தண்ணீரைவிட லேசு, பிரேக் ஆயில் தண்ணீரைவிடச் சற்று கனம். இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் பிரேக் ஆயில் அடியில் போய் உட்காரும். டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாய் அடியிலிருந்துதான் கிளம்புகிறது. அதாவது, தவறாக ஊற்றியதுதான் முதலில் பம்புக்குள் போகும். ஊற்றியவுடனேயே பார்த்திருந்தால் டேங்கைக் கழற்றிக் கழுவுவதோடு வேலை முடிந்திருக்கும். உங்கள் வண்டி 15 கிலோமீட்டர் ஓடிவிட்டதால் அது பம்பு, அங்கிருந்து ராக்குக்குப் போகும் பிரஷர் ஹோஸ், ராக், டேங்குக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸ் என்று எல்லா இடத்தையும் சுற்றி வந்தாயிற்று. கலங்கலாகத் தெரிகிறதே, அது இரண்டும் கடைந்து கலந்த நிலை.

இந்தத் தவறு நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது. அதற்கு டிரைவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாம் எல்லாவற்றுக்கும் ‘ஆயில்’ என்றே பேர் வைத்திருக்கிறோம். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், ஸ்டியரிங் ஆயில். கடையில் போய் ‘டேங்கில் ஊத்துற ஆயில் ஒண்ணு’ என்று கேட்டால், கடைக்காரரும் கைக்கு எட்டியதை எடுத்துத் தருவார். எனக்குத் தொழில் சொல்லித்தந்த ஆசான் இதற்காகவே எங்களைத் திட்டுவார்: “ஆயில்னு பேரு வச்சா எல்லாம் ஆயிலாயிருமாடே?” அவர் சொன்னது உண்மை. பிரேக் ஆயில் என்பது ஆயிலே இல்லை. அது கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்த திரவம், தண்ணீரில் கரையும். ஸ்டியரிங்கில் ஊற்றுவது மண்ணிலிருந்து எடுத்த எண்ணெயைச் சுத்திகரித்துச் செய்தது, தண்ணீரில் மிதக்கும்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். தூக்கி எறியக்கூடிய பிளாஸ்டிக் கப் இரண்டில் பாதி தண்ணீர் எடுத்து, ஒரு கப்பில் டிரைவர் வாங்கிய டப்பாவிலிருந்து நாலு சொட்டு, இன்னொரு கப்பில் புது ஸ்டியரிங் ஆயில் நாலு சொட்டு விட்டுக் கலக்குங்கள். பிரேக் ஆயில் இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும். ஸ்டியரிங் ஆயில் எவ்வளவு கலக்கினாலும் சிவப்புப் பொட்டுகளாக மேலே வந்து நிற்கும். சமையலறை டம்ளரை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், பிரேக் ஆயில் விஷம். அதுபோல வண்டியின் மட்கார்டில் எங்காவது சிந்தியிருந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இல்லையென்றால் பெயிண்ட் உரிந்து வரும்.

இனி, அது உள்ளே என்ன செய்யும்? குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டை நறுக்கி மண்ணெண்ணெயில் போட்டு ஒரு ராத்திரி வைத்தால், காலையில் ஊதிப் பெருத்து, கிள்ளினால் பிய்ந்து வரும். ஒவ்வொரு ரப்பருக்கும் ஒரு பகை உண்டு. ஸ்டியரிங் பம்பிலும் ராக்கிலும் ஆயில் ஒழுகாமல் அடைத்து நிற்கும் சீல்கள் நைட்ரைல் என்ற ரப்பர். அது எண்ணெயில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் அசையாது, ஆனால் பிரேக் ஆயில் பட்டால் ஊதும், இளகும். பிரேக்கில் இருக்கும் ரப்பர் வேறு. அது பிரேக் ஆயிலைத் தாங்கும், எண்ணெய் பட்டால் கெட்டுப்போகும். ஊதிய சீல் முதல் நாளே ஒழுகாது. சில சமயம் முன்பைவிட இறுக்கமாகக்கூட நிற்கும். இளகிப்போன விளிம்பு ராக்கின் கம்பியில் உரசி உரசித் தேய்ந்த பிறகு, ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்துத்தான் ஒழுக ஆரம்பிக்கும். அதற்குள் பிரேக் ஆயில் ஊற்றியதையே எல்லோரும் மறந்திருப்பார்கள்.

ஆகவே எவ்வளவு ஊற்றினோம் என்பதைவிட எத்தனை நாள் அது சீலோடு கிடந்தது என்பதுதான் முக்கியம். 15 கிலோமீட்டர் என்பது பயப்படும் அளவு இல்லை. இந்த வாரமே வெளியேற்றிவிட்டால் பம்பும் ராக்கும் தப்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் ‘இரண்டையும் மாற்று’ என்பதை இப்போதைக்கு ஏற்க வேண்டாம் என்கிறேன். முதலில் கழுவுங்கள், இரண்டு மாதம் பாருங்கள், ஒழுகினால் அப்புறம் செலவு செய்யலாம்.

சிரிஞ்ச் வைத்தியம் ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். முழு சிஸ்டத்திலும் சுமார் ஒரு லிட்டர் ஆயில், அதில் டேங்கில் மட்டும் 300 மில்லி என்று வைத்துக்கொள்வோம். மீதி 700 மில்லி பம்பிலும் குழாயிலும் ராக்கிலும் இருக்கிறது. டேங்கை உறிஞ்சிப் புதிது ஊற்றி, எஞ்சினை ஓட்டிக் கலக்கினால், 200 மில்லி பிரேக் ஆயிலில் 140 உள்ளேயே இருக்கும். இரண்டாம் முறை உறிஞ்சினால் 98. மூன்றாம் முறை 69. ஐந்து முறை செய்து ஒன்றரை லிட்டர் புது ஆயிலைத் தீர்த்த பிறகும் 34 மில்லி மிச்சம். உப்பு கூடிப்போன குழம்பில் ஒரு கரண்டி எடுத்து ஒரு கரண்டி தண்ணீர் விடுகிற கதைதான். போதாததற்கு, ஒவ்வொரு முறையும் எஞ்சினை ஓட்டும்போது அந்தக் கலவையைத்தான் சீல்களுக்கு ஊட்டுகிறோம். சும்மா வயசான ஆயிலை மாற்றுவதற்கு சிரிஞ்ச் நல்ல முறை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேறு திரவம் கலந்ததற்கு அது உதவாது. அதே ஒன்றரை லிட்டரை ஒரு பக்கம் ஊற்றி மறு பக்கம் வெளியே தள்ளினால், பழையதில் பெரும்பகுதி திரும்ப உள்ளே வராமலே போய்விடும். செய்ய வேண்டியது அதுதான்.

ஆயிலை முதலில் தேர்ந்தெடுங்கள். உங்கள் இன்னோவாவுக்கு ஏ.டி.எஃப்., டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் அதே சிவப்பு ஆயில். மற்ற வண்டிக்காரர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. பழைய ஹோண்டாக்களுக்கு அவர்களுடைய தனி ஆயில் உண்டு, சில ஐரோப்பிய வண்டிகளுக்குப் பச்சை நிறத்தில் ஒன்று வரும். டேங்க் மூடியிலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ போட்டிருப்பதுதான் கணக்கு. ஸ்விஃப்ட், ஆல்ட்டோ, வேகன் ஆர் போன்றவற்றில் மோட்டார் வைத்த ஸ்டியரிங். அவற்றில் ஆயிலும் இல்லை, டேங்கும் இல்லை.

நாலு அல்லது ஐந்து லிட்டர் வாங்குங்கள். முதல் இரண்டு லிட்டர் கழுவிப் போவதற்குத்தான், அதே தரம் எழுதிய மலிவான பிராண்ட் போதும். கூடவே ரிட்டர்ன் ஹோஸுக்குப் புதுக் கிளிப் ஒன்று, இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் இரண்டு, டேங்கின் ரிட்டர்ன் வாயை அடைக்க ரப்பர் மூடி ஒன்று. உதவிக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்ப வேண்டும். சக்கரம் தரையில் இருந்தால் எஞ்சின் ஓடாமல் ஸ்டியரிங்கை ஒடிப்பது பெரும் பாடு. நம் ஊர் செம்மண் முற்றத்தில், அதுவும் ஆனி ஆடிச் சாரலில், ஜாக்கி மெல்ல மெல்லப் புதையும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி ஒரு பக்கம் சாய்வதை நான் கண்டிருக்கிறேன். அகலமான தென்னம்பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து இறக்குங்கள். பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்துக்காரர்கள் காற்று காலத்தில் இந்த வேலையை வெளியில் செய்யாதீர்கள். திறந்த டேங்கில் பறந்து வந்து விழும் மணல், பிரேக் ஆயிலைவிட வேகமாகப் பம்பைத் தின்றுவிடும்.

டேங்கில் இருப்பதை சிரிஞ்சால் முழுக்க உறிஞ்சி எடுங்கள். அடியில் இருக்கும் கனமான கலங்கலும் வர வேண்டும் என்பதால், சிரிஞ்சில் மெல்லிய டியூப் மாட்டி அடித்தட்டு வரை விடுங்கள். பிறகு டேங்கையே கழற்றிவிடுவது நல்லது. பல டேங்குகளின் அடியில் பொடிக் கண் வலை ஒன்று இருக்கும். 10, 15 வருஷம் ஓடிய வண்டியில் அந்த வலை பாதி அடைத்துக் கிடக்கும். ஆயில் சரியாக இருந்தும் பம்பு உறுமுகிறது என்று வருகிற வண்டிகளில் இந்த வலைதான் காரணம் என்று பலமுறை பார்த்திருக்கிறேன். பம்பு உறிஞ்சக் கேட்கும் அளவுக்கு வலை விடாது, பம்பு வெறும் வாயை மென்று சத்தம் போடும். சோப்புத் தண்ணீரில் டேங்கைக் கழுவி, ஊதி, வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் மாட்டக் கூடாது. மழை நாளாக இருந்தால் ஹேர் டிரையர் வைத்து உலர்த்தலாம். வலை கழுவியும் தெளியவில்லை என்றால் டேங்கை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ரிட்டர்ன் ஹோஸ். டேங்குக்கு வரும் இரண்டு குழாய்களில், பம்புக்குப் போவது தடிமன் கூடியது, ராக்கிலிருந்து திரும்பி வருவது மெல்லியது. மெல்லியதை டேங்கிலிருந்து கழற்றி, அதன் நுனியைக் குளிர்பான பாட்டிலுக்குள் விட்டுக் கட்டுங்கள். டேங்கில் அது இருந்த வாயை ரப்பர் மூடி போட்டு அடையுங்கள். இல்லையென்றால் ஊற்றுவதெல்லாம் அந்த வழியாகக் கொட்டிவிடும்.

இப்போது டேங்கில் புது ஆயில் நிரப்புங்கள். ஸ்டியரிங் பூட்டு விலகும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்புங்கள், எஞ்சின் ஓடக் கூடாது. உள்ளே இருப்பவர் ஸ்டியரிங்கை மெதுவாக இடப்பக்கம் முழுக்க ஒடிக்கட்டும், பிறகு வலப்பக்கம் முழுக்க. ராக்கின் உள்ளே ஒரு பிஸ்டன் இருக்கிறது. அது இப்படியும் அப்படியும் போகும்போது ஒரு பக்கத்துப் பழைய ஆயிலை ரிட்டர்ன் வழியாக வெளியே தள்ளும், மறு பக்கம் புதியதை உள்ளே இழுக்கும். ராக்கின் இரண்டு அறைகளும் காலியாக வேண்டுமென்றால் முழுக்க ஒடித்தாக வேண்டும். பாதி ஒடித்துத் திருப்பினால் ஓரத்தில் இருப்பது அங்கேயே தங்கிவிடும். வெளியே நிற்பவர் டேங்கை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஆயில் பாதிக்குக் கீழே போகும் முன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டேங்க் காலியானால் காற்று புகுந்துவிடும்.

இங்கே அவசரப்படாமல் பாட்டிலைப் பாருங்கள். முதலில் வருவது பால் கலந்த கருப்பட்டிக் காப்பி நிறத்தில், நுரை கட்டி இருக்கும். அப்புறம் கலங்கல் சிவப்பு. அரை லிட்டர் தாண்டியதும் ‘ஆஹா, தெளிஞ்சாச்சு’ என்று தோன்றும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். பாட்டிலை மாற்றி, புதுப் பாட்டிலில் வருவதைப் பத்து நிமிஷம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் வேறு நிறத்தில் கோடு போல ஒரு படலம் பிரிந்து நின்றால், உள்ளே இன்னும் பிரேக் ஆயில் இருக்கிறது என்று அர்த்தம். மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பாக, பின்னால் பிடித்த விரல் தெரிகிற தெளிவோடு நிற்கும்வரை ஒடித்து ஒடித்துத் தள்ளுங்கள். 20 தடவைக்கு மேல்கூட ஆகலாம். தோள் வலிக்கும், ஆளை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு லிட்டர் போன பிறகு பம்பின் உள்மூலைகளைக் கழுவ, எஞ்சினை இரண்டே இரண்டு விநாடி ஓட்டி அணைக்கலாம். டேங்க் நிறைந்திருக்க வேண்டும், ஊற்றுபவர் கையில் பாட்டில் தயாராக இருக்க வேண்டும், ஸ்டார்ட் செய்பவரின் கை சாவியிலேயே இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பம்பு தள்ளுகிற வேகத்துக்கு, டேங்கில் இருப்பது சில விநாடிகளில் காலி. பம்புக்கு அந்த ஆயில்தான் வழுவழுப்பு, அது இல்லாமல் சுற்றினால் உள்ளே கீறல் விழும். இந்த இடத்தில் நம்பிக்கை இல்லையென்றால் இதைச் செய்ய வேண்டாம். கையால் ஒடிக்கும் முறையையே இன்னும் ஒரு லிட்டர் தொடருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கழுவுவதற்கு மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எதையும் ஊற்றாதீர்கள். ‘டீசல் விட்டு ஒரு சுத்து சுத்தி எடுத்தா பளிச்சுன்னு ஆயிரும்’ என்று சொல்பவர்கள் நம் மாவட்டத்தில் எல்லா ஜங்ஷனிலும் உண்டு. பளிச்சென்று ஆகும், உண்மைதான். ஆனால் பம்பின் தகடுகளுக்கு இடையே நிற்க வேண்டிய எண்ணெய்ப் படலத்தையும் சேர்த்துக் கழுவிவிடும். ராக்கின் உள்ளே தங்கிய மிச்சம் புது ஆயிலையும் நீர்க்க வைக்கும். அதே ஏ.டி.எஃப். தவிர வேறு எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று விற்பதும் வேண்டாம். அது சீலை ஊத வைத்துத்தான் ஒழுக்கை நிறுத்துகிறது. உங்கள் சீல் ஏற்கெனவே பிரேக் ஆயிலில் ஊதியிருக்கலாம்.

தெளிந்த பிறகு ரிட்டர்ன் ஹோஸைப் புதுக் கிளிப்போடு மாட்டி, அளவுக்கு நிரப்பி, காற்றை எடுக்க வேண்டும். சக்கரம் இன்னும் மேலேயே இருக்கட்டும். எஞ்சின் ஓடாமல் 15 தடவை மெதுவாக இருபுறமும் ஒடியுங்கள், டேங்கில் குமிழி வருவது நிற்கும்வரை. அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டர் தொடாமல், மெதுவாக ஒடியுங்கள். கடைசிவரை ஒடித்து அங்கேயே அழுத்திப் பிடிக்கக் கூடாது. அந்த நிலையில்தான் சிஸ்டத்தில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், 70, 80 பார் வரைக்கும் எளிதாக ஏறும். டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல 30 மடங்குக்கு மேல். அதே காரணத்தால், எஞ்சின் ஓடும்போது பிரஷர் ஹோஸில் ஒழுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளையில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டு வைத்துப் பாருங்கள்.

ஆயில் ரோஸ்மில்க் போல நுரைத்தால் உள்ளே காற்று இருக்கிறது. எஞ்சினை அணைத்து அரை மணி நேரம் விட்டு, மறுபடி ஒடியுங்கள். சத்தம் அன்றே முழுக்கப் போகாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம், ஒன்றிரண்டு நாள் ஓட்டத்தில் போய்விடும்.

100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, இதே முறையில் ஒன்றரை லிட்டர் விட்டு இரண்டாம் முறை கழுவுங்கள். இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். சீல்கள் குடித்த பிரேக் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வெளியே வரும், ராக்கின் ஓரத்தில் ஒளிந்ததும் ஓட்டத்தில் கலந்து வரும். என் பட்டறையில் ஆரம்ப காலத்தில் ஒரு முறை கழுவியதோடு விட்டேன். அந்த வண்டி இரண்டு மாதத்தில் பம்பு சீல் ஒழுகி வந்தது. அதன் பிறகு இரண்டாம் கழுவலுக்கு வர மாட்டேன் என்று சொல்பவரின் வண்டியை எடுப்பதில்லை.

பிரேக் ஆயில் இல்லாமல் வேறு விதத்தில் ஆயில் கெட்ட வண்டிகளுக்கும் இதே முறைதான், காரணம் மட்டும் வேறு. 2021 நவம்பரில் நம் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்ததே, அப்போது தண்ணீரில் நின்ற ஒரு வண்டி வந்தது. டேங்கைத் திறந்தால் பால் டீ. மூடியில் காற்றுப் போக்குக்கு ஒரு சின்னத் துளை உண்டு, தண்ணீர் அந்த வழியாக இறங்கியிருக்கிறது. ஒரு பழைய கரண்டியில் அந்த ஆயிலை இரண்டு சொட்டு விட்டு அடியில் மெழுகுவர்த்தி காட்டினேன். தாளிக்கும்போது ஈரக் கறிவேப்பிலை விழுந்தால் வெடிக்குமே, அப்படிப் படபடவென்று வெடித்தது. சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் சூடாகும். கண்ணாடி போட்டுக்கொண்டு, எட்ட நின்று செய்ய வேண்டிய சோதனை இது. தண்ணீர் போன வண்டியில் தாமதித்தால் பம்பின் இரும்புப் பாகங்களில் துருப் பிடிக்கும், துருத்தூள் சீலை அறுக்கும்.

கறுத்துப்போன ஆயில் என்றால் வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பொடி தங்கினால் பழைய ஹோஸின் உட்சுவர் உதிர்கிறது, ஹோஸை மாற்றாமல் கழுவிப் பயனில்லை. வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது, பம்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கருகல் வாசனை மட்டும் இருந்தால் சூட்டில் வயசான ஆயில், கழுவினால் சரியாகும்.

தலைகீழாக நடந்திருந்தால், அதாவது ஸ்டியரிங் ஆயிலைப் பிரேக் டேங்கில் ஊற்றியிருந்தால், வண்டியை ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். பிரேக் ரப்பர்கள் எண்ணெயில் ஊதி, பிரேக் பிடித்துக்கொள்ளும், அல்லது பிடிக்காமலே போகும். கட்டி இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப் கொண்டுபோக வேண்டும். அதில் வீட்டு வைத்தியம் கிடையாது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. டிரைவர் ஏன் ஆயில் ஊற்றினார்? குறைந்திருந்ததால். பவர் ஸ்டியரிங் ஆயில் எரிந்து குறைவதில்லை, ஆவியாகி அத்தனை குறைவதும் இல்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. பிரேக் ஆயில் ஊற்றுவதற்கு முன்பே உங்கள் வண்டியில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை லிட்டர் கழுவினாலும், ஆறு மாதத்தில் டேங்க் மறுபடி குறையும், மறுபடி யாராவது எதையாவது ஊற்றுவார்கள்.

வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே பாருங்கள். முதலில் ரிட்டர்ன் ஹோஸின் இரண்டு முனைகள், பழைய கிளிப் தளர்ந்து கசிவது மிகச் சாதாரணம். அடுத்து பம்பின் புல்லிக்குப் பின்னால் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒழுகினால் பெல்ட்டில் பட்டுக் கீச்சென்று சத்தமும் வரும். கடைசியாக ராக்கின் இரண்டு ஓரத்திலும் உள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் பூட். அதை விரலால் கிள்ளிப் பாருங்கள், உள்ளே ஆயில் தளும்பினால் ராக் சீல் போய்விட்டது. பூட் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று கடற்கரை ஓரமாகவே ஓடுகிற வண்டிகளில் இது முக்கியம். கிழிசல் வழியாக உப்பு ஈரம் புகுந்து, ராக் கம்பியில் ஊசி குத்தியது போலத் துருப் புள்ளிகளை உண்டாக்கும். ஒவ்வொரு முறை ஒடிக்கும்போதும் அந்தப் புள்ளிகள் சீலின் விளிம்பை அரம் போல ராவும். அப்படி இருந்தால் சீல் மட்டும் மாற்றி நிற்காது, ராக்கையே பழுதுபார்க்கவோ மாற்றவோ வேண்டும். பூட்டில் சின்னக் கிழிசல்தான், கம்பி இன்னும் பளபளப்பாக இருக்கிறது என்றால், பூட்டை உடனே மாற்றினால் பெரிய செலவு தப்பும்.

பழைய ஆயில் நாலைந்து லிட்டர் கையில் இருக்கும். அதை வாய்க்காலிலோ குளத்திலோ, தென்னை மூட்டிலோ கொட்டிவிடாதீர்கள். கரையான் வராமல் இருக்க வேலிக்கம்புக்குப் பூசும் பழக்கமும் இதற்கு வேண்டாம், பிரேக் ஆயில் கலந்தது மழையில் கரைந்து கிணற்றுப் பக்கம் இறங்கும். மூடி போட்ட பாட்டிலில், மற்ற கழிவு ஆயிலோடு கலக்காமல், எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். இது கலப்பு ஆயில் என்று சொல்லிக் கொடுங்கள்.

முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு ஒரு நாள், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேங்கில் ஆயில் எங்கே நிற்கிறது என்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டுப் பாருங்கள். கோடு இறங்காமல் நின்றால் சீல்கள் தப்பிவிட்டன. ஒரே பக்கம் ஒடிக்கும்போது மட்டும் கனமாக இருந்தாலோ, கோடு இறங்கினாலோ, அப்போது ராக்கைப் பற்றிப் பேசலாம். ஒரு அரை லிட்டர் ஏ.டி.எஃப். பாட்டிலை டிக்கியில் போட்டு வையுங்கள். டேங்க் மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டால் பெரிதாக எழுதிவிடுங்கள்: ‘ஏ.டி.எஃப். மட்டும்’. அடுத்த முறை வேறொரு டிரைவர் பானட்டைத் திறந்தாலும், கடையில் என்ன பேர் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது அவர் கண் முன்னாலேயே இருக்கும்.